ஏடும் அட்டையும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை ஒன்று கேட்டபோது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது யாதென்பதை யாம் அறியாமலில்லை. வள்ளுவர் கண்ட கல்வி என்றோ, நாவலர் வளர்த்த உரைநடை என்றோ தலைப்பிட்டு எழுதினால் எவரும் வியப்படையார். அவற்றை எம்மினும் திறம்பட எழுதவல்ல அறிஞர் பலர் இக்கல்லூரியின் பழைய மாணவரிடையே உளர்; இம்மலரிலும் எழுதியிருப்பர். யாம் எழுதப் புகுவதோ, தபால் முத்திரையளவே பரப்புடையதாய், இரண்டு கிராம் நிறையினதாய், கமராவின் வயிற்றுள்ளே கண்ணுக்குத் தோன்றாது கிடக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி. அதனை மாணவர் மெமரிக் காட் என்பர். யாம் நினைவட்டை என்போம்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு ஒரு சொல். கல்லூரியின் ஒளிப்படக் கழகத்துக்கு யாம் சில ஆண்டுகளாகப் பொறுப்பாசிரியராக இருந்து வருகின்றோம். அப்பொறுப்பை ஏற்க வேறெவரும் முன்வராமையே காரணம் என்று சொல்லுவாரும் உளர், அது பொய்யன்று. இவ்வாண்டு யூபிலியை முன்னிட்டுக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் நல்லதோர் எண்ணிமக் கமராவை அன்பளிப்பாக அனுப்பினர். கமரா வந்தது, வில்லை வந்தது, தோளிற் கொழுவும் வாரும் வந்தது, நினைவட்டை மாத்திரம் வரவில்லை. அதனை அங்கேயே வாங்கிக் கொள்க என்று எழுதியிருந்தனர்.

யூபிலிக் குழுவின் தனாதிகாரி கணக்கிற் கண்டிப்பானவர். விலை எழுதிய துண்டுகள் இரண்டை எம்முன் வைத்து, "மாஸ்டர், இதுவும் அறுபத்துநாலு, அதுவும் அறுபத்துநாலு. அளவும் ஒன்று, நிறமும் ஒன்று. ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. சங்கத்துக் காசுக்கு நான் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்வி. அன்று கூட்டத்தில் நேரமின்மையாற் சுருக்கமாக விடை கூறினோம். விரிந்த விடை இது.

சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லாது அப்பாற் செல்ல எம் தொழில் விடாது. நினைவட்டை என்று யாம் கரும்பலகையில் எழுதியபோது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அட்டை என்றால் இரத்தம் உறிஞ்சுகிறதல்லவா? இது நினைவை உறிஞ்சுகிற அட்டையா?" என்றான். வகுப்பு நகைத்தது, யாமும் நகைத்தோம். ஆயின் அவன் சொன்னவாறே நினைவை உறிஞ்சும் அட்டையும் உலகில் உண்டு. அதனை யாம் கண்டிருக்கின்றோம்.

இவ்வட்டையின் உள்ளே இருப்பது பிளாஷ் என்னும் வகை நினைவகம். யப்பானியப் பொறியியலாளர் பூஜியோ மசுவோகா என்பார் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில் இதனைக் கண்டார். முதல் வடிவம் 1984 இலும், இன்று அட்டைகளில் வழங்கும் நாண்ட் என்னும் வடிவம் 1987 இலும் அறிஞர் அவையில் அறிவிக்கப்பட்டன. எழுதியதை ஒரு பகுதி முழுதுமாக ஒருங்கே அழிக்கும் அதன் விரைவு, கமராவின் மின்னொளி பளிச்சிட்டு மறைவதை நினைவூட்டியமையால், உடன் பணியாற்றிய ஒருவர் அப்பெயரைச் சொன்னார் என்பர். கமராவிடமிருந்து பெயரைக் கடன் வாங்கிய பொருள் பின்னர்க் கமராவினுள்ளேயே குடிபுகுந்தது நல்ல பொருத்தமே. அழிக்கும் விரைவைக் கொண்டு பெயர் பெற்ற ஒன்றிடம் எம் நினைவுகளைக் காக்கக் கொடுக்கின்றோம் என்பதையும் மறத்தற்கில்லை.

ஒரு படத்துக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு என இளையோர் எண்ணக்கூடும். கைத்தொலைபேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுப்பார்க்கு அவ்வெண்ணம் இயல்பு. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். யாம் அப்போது ஒன்பதாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்து எடுத்தவை அரிசி, உடுபுடைவை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள். படத் தொகுப்புப் பாரமானது. அலுமாரியின் மேற்றட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு மீண்டபோது மேற்றட்டும் இல்லை, அலுமாரியும் இல்லை. எம் தந்தையார் இளமையில் எவ்வாறு இருந்தார் என்பதை யாம் தாயார் வாயிலாகக் கேட்டு அறிந்ததன்றிக் கண்டு அறிந்ததில்லை. கல்லூரியிலும் இதே கதைதான். துடுப்பாட்ட அணிகளின் குழுப்படங்கள் வரிசையாகத் தொங்கிய மண்டபச் சுவரில் ஆணிகள் இருந்தன. சில ஆணிகளில் நூற்கயிறும் இருந்தது. இம்மலரின் பக்கங்களிற் பழைய படங்கள் குறைவாக இருத்தலைக் கண்டு மலராசிரியரை எவரும் நோக வேண்டா.

இவ்வாறு இழந்த ஒரு கல்லூரி, கிடைத்த படத்தைப் பொன்போற் காக்கும் என்றே யாவரும் கருதுவர். சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பரிசளிப்பு விழா ஒன்றிலே, எமக்கும் எம் போன்ற பலருக்கும் தொல்காப்பியமும் நன்னூலும் கற்பித்து ஓய்வு பெற்ற பண்டிதர் ஐயா ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். அவருக்கு அப்போது வயது எண்பத்தாறு. மேடையை விரும்பாதவர், கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்பவர். அன்று மாணவர் வேண்டுகோளுக்கு இணங்கி, கைகளை மடிமேல் வைத்து, நிமிர்ந்து அமர்ந்து, படம் பிடிக்க இசைந்தார். படம் பிடித்தவர் கூலிக்கு அமர்த்திய இளைஞர், தொழிலில் நேர்மையானவர். விழாவுக்கெனப் புதிய அட்டை ஒன்றை நகரத்துக் கடை ஒன்றில் வாங்கி வந்திருந்தார். புகழ் பெற்ற நிறுவனத்தின் பெயர் அதன்மேல் இருந்தது. 128 ஜிகாபைட் என்று பொறித்திருந்தது.

அன்றிரவு படங்களைக் கணினியில் இட்டுப் பார்த்தார். மங்கல விளக்கேற்றல் இருந்தது. அதிபர் அறிக்கை இருந்தது. கனிட்ட பிரிவுப் பரிசுகள் யாவும் தெளிவாக இருந்தன. ஏறக்குறைய இருநூறு படங்களின் பின் கோப்புகளின் பெயர்கள் இருந்தன, திறந்தால் உள்ளே யாதும் இல்லை. இருந்ததும் இல்லாததுமாகிய எல்லையில் அகப்பட்ட படம் ஒன்றே ஒன்று. அதில் மண்டபத்தின் கூரை தெரிந்தது. மேடையின் திரைச்சீலையும் பதாகையின் மேற்பாதியும் தெரிந்தன. பண்டிதர் ஐயாவின் தலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீழ்முழுதும் சாம்பல் நிறம். அடுத்த தை மாதத்தில் ஐயா காலமானார்.

இளைஞர் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றார். கடைக்காரர் பெரிய மனத்தோடு அதே போன்ற வேறோர் அட்டையைத் தர முன்வந்தாராம்.

நிகழ்ந்தது யாதென்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தோம். நினைவட்டையினுள் தரவைத் தாங்கும் சில்லு ஒருபுறமும் அதனை ஆளும் சில்லு மற்றொருபுறமும் உள்ளன. உன் கொள்ளளவு யாது எனக் கமரா கேட்டால் ஆளும் சில்லே விடை சொல்லும். சொன்னதைக் கமரா நம்பும். மோசடி செய்வார் 8 ஜிகாபைட் கொள்ளும் அட்டையின் ஆளும் சில்லுக்கு 128 என்று பொய் சொல்லப் பழக்கி, மேலே நல்ல நிறுவனத்தின் பெயரையும் அச்சிட்டு விற்பர். எட்டு நிறையுமளவும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதன்மேல் வருவனவற்றைப் பெற்றுக்கொண்டேன் என்று பொய்யாக ஒப்பமிட்டு வெளியே எறிந்துவிடும். சில அட்டைகள் முன்னர் எழுதியதன் மீதே எழுதி அதனையும் கெடுக்கும். கமரா எவ்வித எச்சரிக்கையும் தராது. அழித்த படங்களை மீட்கும் போட்டோறெக் என்னும் இலவசச் செய்நிரல் ஒன்று உண்டு. தவறி அழித்தவர் பலருக்கு அது படங்களை மீட்டுக் கொடுத்திருக்கின்றது. ஆயின் அது எழுதப்பட்டதைத் தேடித் தருமேயன்றி, எழுதப்படாததை எங்கிருந்து தரும்?

எனவே இம்முறை அட்டை தேரும் பணியைக் கழகத்து மாணவர் ஐவருக்கும் பயிற்சியாக்கினோம். அட்டையின் முகம் பழஞ்சாசனம் போன்றது. சிறிய இடத்திற் குறியீடுகள் பல நெருங்கிக் கிடக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவனே பொருள் கொள்வான்.

முதலிற் குலப்பெயர். 1999 ஆம் ஆண்டு சான்டிஸ்க், மற்சுஷிற்றா, தோஷிபா என்னும் மூன்று நிறுவனங்கள் கூடி எஸ்டி என்னும் இவ்வட்டை வகையை ஏற்படுத்தின. இரண்டு ஜிகாபைட் வரை எஸ்டி. அதற்கு மேல் 32 வரை எஸ்டிஎச்சி. அதற்கும் மேல் 2 டெராபைட் வரை எஸ்டிஎக்ஸ்சி. வடிவம் மூன்றுக்கும் ஒன்றே. பழைய கமராவினுட் புதிய அட்டை தடையின்றிப் புகும், ஆனாற் கமரா அதனை அட்டையென்றே ஏற்காது. ஆகவே கமராவின் கையேட்டைப் பார்த்த பின்னரே கடைப்படி ஏறவேண்டும். பெருங்கமராக்கள் சிலவற்றிற்கு சிஎப்எக்ஸ்பிறஸ் என்னும் வேறு வகை அட்டை வேண்டும். அது மிக விரைவானது, விலையும் அவ்வாறே. எம் கமரா அதனைக் கேட்கவில்லை. யாமும் அதனைப் பற்றி மேலே பேசவில்லை.

அடுத்து வேகம். தனாதிகாரியின் கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றது. அட்டையின் முகத்திலே மிகப் பெரிய எழுத்தில் 170 என்றோ 200 என்றோ ஓர் எண் இருக்கும். வாங்குவோர் கண் அதன்மேலேயே விழும். விழவேண்டுமென்றே அங்ஙனம் அச்சிடுவர். அவ்வெண், அட்டையிலிருந்து கணினி வாசிக்கும்போது செக்கனுக்கு இத்தனை மெகாபைட் வரை செல்லலாம் என்பதையே பெரும்பாலும் குறிக்கும். கமராவுக்கு வேண்டியது வாசிக்கும் வேகமன்று, எழுதும் வேகம். அன்றியும் 'வரை செல்லலாம்' என்பது உச்சம். ஒரு மாணவன் ஒரு தவணையில் 98 புள்ளி எடுத்தான் என்பது வேறு. எத்தவணையிலும் 60க்குக் குறைந்தானல்லன் என்பது வேறு. பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பும்போது ஆசிரியருக்கு நம்பிக்கை தருவது இரண்டாவதே.

அந்த இரண்டாவது செய்தி அட்டையின் மூலையிற் சிறு குறியாக இருக்கும். வட்டம் போன்ற சி எழுத்தினுள் 10 என்றிருந்தால், தொடர்ந்து எழுதும் வேகம் செக்கனுக்கு 10 மெகாபைட்டிற் குறையாது என்பது பொருள். யு எழுத்தினுள் 1 என்றால் 10. 3 என்றால் 30. விடியோவுக்கென 2016 இல் வந்த வி என்னும் குறியோடு 6, 10, 30, 60, 90 என வரும் எண்கள் நேராகவே குறைந்தபட்ச மெகாபைட்டைச் சொல்லும். பழைய குறிகளையும் புதிய குறிகளையும் ஒரே முகத்தில் அச்சிடுவதால் மாணவர் மயங்குகின்றனர். வி 30 என்பதும் யு 3 என்பதும் ஒரே உறுதிமொழியின் இரு பெயர்கள் என்று கொண்டால் மயக்கம் தீரும். ஏ 1, ஏ 2 என்னும் குறிகள் கைத்தொலைபேசியிற் செயலிகளை ஓட்டுவார்க்கு உரியவை. படம் பிடிப்பார் அவற்றிற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தனாதிகாரி மகிழ்ந்த கணக்கு ஒன்று உண்டு. எம் கமராவின் கையேட்டில் விடியோவின் உயர்ந்த தரத்துக்குச் செக்கனுக்கு 100 மெகாபிற் என்று போட்டிருந்தது. அட்டையில் உள்ளதோ மெகாபைட். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டாற் பிரித்தால் பன்னிரண்டரை. வி 30 அட்டை அதனைப் போல் இரண்டு மடங்குக்கு மேலாகவே தாங்கும். "அப்படியென்றால் இந்தத் தொண்ணூறு எங்களுக்கு எதற்கு, மாஸ்டர்?" என்றார். விடியோவுக்கு வேண்டா என்றோம். முகம் மலர்ந்தது.

ஆயினும் விளையாட்டுப் போட்டி என்று ஒன்று உண்டே. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் நின்று படம் பிடிக்கும் மாணவன் பொத்தானை அழுத்தியபடியே இருப்பான். எம் கமரா செக்கனுக்குப் பத்துப் படம் எடுக்கவல்லது. 24 மெகாபிக்சல் கொண்ட மூலக்கோப்பு ஒன்று ஏறக்குறைய 28 மெகாபைட். ஆக, செக்கனுக்கு 280 மெகாபைட். இதனை இங்குள்ள தோட்டக்காரர் எளிதில் விளங்கிக் கொள்வர். துலாவினால் இறைத்த நீர் முதலில் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியே பயிருக்குச் செல்லும். இறைப்பவன் விரைவு மிகுந்து, வாய்க்கால் ஒடுங்கியதானால், தொட்டி நிறைந்துவிடும். இறைப்பவன் நிற்க வேண்டியதுதான். கமராவினுள் அத்தொட்டி உண்டு. அட்டை வாய்க்கால். தொட்டி நிறைந்தவுடன் கமரா திக்கி நிற்கும். அந்நேரம் பார்த்தே ஓடுபவன் கோட்டைத் தொடுவான்.

வாய்க்காலின் அகலத்துக்கும் ஒரு குறி உண்டு. அட்டையின் முகத்தில் உரோம எண் ஒன்று என்றிருந்தால், எத்துணை நல்ல அட்டையாயினும் பொது விதியின்படி அதன் வழி செக்கனுக்கு 104 மெகாபைட்டுக்கு மேற் செல்லாது. இரண்டு என்றிருந்தால் 312 வரை செல்லலாம். அட்டையின் முதுகிலே பொன்னிறத் தொடுகைகள் இரண்டாவது வரிசையாகவும் இருக்கும். அவ்வரிசைக்கு ஏற்ற வாயில் கமராவிலும் இருக்க வேண்டும். இல்லையேல், விலை கூடிய அட்டை விலை குறைந்த அட்டையின் வேகத்திலேயே நடக்கும். மும்மடங்கு விலை சொன்ன துண்டில் இருந்தது இவ்வகை அட்டையே. அது ஏமாற்றன்று, தக்க பொருள்தான். எம் கமராவில் அட்டை இடும் வாயில் இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்றே இவ்வேகத்தைத் தாங்கும். ஒரே படத்தை இரண்டு அட்டையிலும் எழுதச் சொன்னால், மெதுவான அட்டையின் வேகமே இரண்டுக்கும் வேகம்.

இங்கேதான் யாம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. விளையாட்டுப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை, பெருந்துடுப்பாட்டம் ஒருமுறை. ஓட்டக்காரனின் படம் தப்பினால் அடுத்த ஆண்டு வேறொருவன் ஓடுவான். பொன்னாடை போர்த்தப் பெறும் முதியவர் மறுமுறை வருவாரோ? ஆகவே விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதிலாக, நடுத்தர விலையில் வி 30 அட்டைகள் இரண்டு வாங்கி, ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் எழுதுமாறு கமராவைப் பணித்தோம். மிகுந்த காசு வன்தட்டு ஒன்றுக்கு உதவியது. முடிவுக் கோட்டில் நிற்கும் மாணவனுக்கு, துப்பாக்கி வெடித்தவுடன் அழுத்தாது கடைசிப் பத்து மீற்றருக்குக் காத்திருக்கக் கற்பித்தோம். கழகத்துத் தலைவன் இம்முடிவை ஏற்கவில்லை. அவன் வேகத்தையே விரும்பினான்; விளையாட்டுப் படங்களாற் பரிசு பெறும் எண்ணம் உடையவன். அவன் பக்கமும் நியாயம் உண்டு. பாதித் தொகைக்கு விற்ற மூன்றாவது அட்டை ஒன்றும் வந்தது. அதனைப் பற்றி எவரும் வாதிடவில்லை.

கொள்ளளவிலும் வாதம் நடந்தது. 64 ஜிகாபைட்டில் மூலக்கோப்புகள் இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். முப்பத்தாறு படம் கொண்ட பழைய பிலிம் றோல்கள் அறுபதுக்கு ஈடு. யூபிலி நாள் முழுதுக்கும் இது போதும். 256 வாங்குவோம் என்றனர் சிலர். பெரிய அட்டை வாங்கினால் அதிலேயே ஆறு மாதப் படங்களைச் சுமந்து திரியும் பழக்கம் வந்துவிடும். சிறிய அட்டை நிறைந்துவிடும். நிறைந்தால் வீட்டுக்கு வந்து இறக்கி வைக்க வேண்டும். சோம்பலுக்கு இடங்கொடாத அளவையே யாம் விரும்புகின்றோம்.

வாங்கியது நகரத்தில் அன்று. அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், பற்றுச்சீட்டோடு. பெயரை மாத்திரம் நம்புதலும் ஆகாது. லெக்சார் என்னும் பெயரை உடைய அமெரிக்க நிறுவனம் 2017 இல் அவ்வியாபாரத்தைக் கைவிட, பெயரைச் சீன நிறுவனம் ஒன்று வாங்கி நடத்துகின்றது. தோஷிபாவின் நினைவகப் பிரிவு 2019 இற் கியோக்சியா எனப் பெயர் பெற்றது. இவற்றாற் பொருள் தாழ்ந்தது என்பதன்று எம் கருத்து. அட்டையின் மேல் உள்ள பெயர் மாறவும் கூடும், திருடப்படவும் கூடும் என்பதே. வாங்கியதைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

சோதனை எளிது. எச்2டெஸ்ற்டபிள்யூ என்றும் எப்3 என்றும் இலவசச் செய்நிரல்கள் உண்டு. அட்டையை முழுதும் நிறையுமாறு எழுதி, எழுதியதை மீண்டும் வாசித்து, ஒப்பிட்டுச் சொல்லும். சொன்னதை ஒப்புவிக்கச் செய்யும் திண்ணைப் பள்ளிச் சட்டம்பியாரின் முறைதான். செக்கனுக்கு 60 மெகாபைட் வீதம் எழுதினால் 64 ஜிகாபைட்டை நிறைக்கப் பதினெட்டு நிமிடமளவு செல்லும். மாணவர் இருவர் கணினியின் முன் அமர்ந்திருந்தனர். அட்டையை இட்டவுடனேயே ஒருவன் ஓடிவந்து, "சேர், இதுவும் கள்ள அட்டை! அறுபத்துநாலு இல்லை, ஐம்பத்தொன்பது தசம் ஆறுதான் காட்டுகிறது" என்றான். அவன் விழிப்பைப் பாராட்டினோம். அட்டை செய்வார் கோடியையும் ஆயிரத்தையும் பத்தின் பெருக்கமாக எண்ணுவர். கணினியோ 1024 என இரண்டின் பெருக்கமாக எண்ணும். பொருள் ஒன்றே, அளவுகோல் வேறு. இறுதியிற் பிழை எதுவும் இல்லை எனச் செய்நிரல் சொன்னது. அட்டைகளின் பின்புறத்தில் வாங்கிய திகதியும் வரிசை எண்ணும் எழுதினோம்.

பேணும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகின்றோம். படங்களை இறக்கி, இரண்டிடத்தில் இருப்பதை உறுதி செய்த பின்னரே அட்டையைப் போர்மற் செய்தல் வேண்டும். அதனையும் கணினியிற் செய்யாது கமராவிலேயே செய்தல் நன்று. கமராவின் சிறு விளக்கு எரியும்போது அட்டையை இழுத்தலாகாது. எழுதிக்கொண்டிருப்பவனின் கையைத் தட்டினால் எழுத்து என்னாகும்? தவறிப் படத்தை அழித்துவிட்டால், அந்நொடி முதல் அவ்வட்டையில் வேறெதுவும் எழுதாது எடுத்து வைத்தல் வேண்டும். அழித்தல் என்பது பெயர்ப்பட்டியலிற் கோடிடுதலே; மேலே வேறொன்று எழுதும்வரை படம் அங்கேயே கிடக்கும். மீட்கும் செய்நிரல் அப்போதுதான் பயன்படும்.

இவ்வளவும் செய்தும், அட்டை படத்தைக் காக்கும் பெட்டகமாகாது. பிளாஷ் நினைவகம் மின்னேற்றத்தை நுண்ணிய அறைகளிற் சிறைப்படுத்தி வைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசியும். வெப்பம் மிகுந்த இடத்தில் விரைந்து கசியும். எழுதி அழித்து எழுதி அழித்து அறைகளும் தேயும். எமது நாட்டின் கோடையில் மேசை இலாச்சியினுட் போட்டு மறந்த அட்டையிடம் இருபது ஆண்டின் பின் படம் கேட்பது முறையன்று.

தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. பனையோலை ஏட்டுக்கும் ஆயுள் உண்டு. மஞ்சளும் கரியும் பூசிப் பேணினும், செல்லும் ஈரமும் ஒருநாள் வெல்லும். சங்கநூல்கள் எம்வரை வந்தமைக்குக் காரணம் ஓலையின் உறுதியன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் இருந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் படியெடுத்தமையே. படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயர் மாத்திரமாய் நிற்கின்றன. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகள் அழியும் நிலையில் இருந்தமையைப் பதிப்புரையில் இரங்கி எழுதினார். அவர் ஓலையிலிருந்து தாளுக்கு மாற்றியது காலத்தினாற் செய்த உதவி. தாளும் எரியும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணம் கண்டது. மே 31 இரவு இட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் நூல்கள் 97,000 அளவில் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுடன் போயின. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இன்று எம்மவரின் நூல்களையும் மலர்களையும் ஒவ்வொன்றாக மின்பிரதியாக்கி வருகின்றது. அதுவும் படியெடுத்தலே; எழுத்தாணி மாறியிருக்கின்றது.

ஆகவே எம் கழகத்திற் புதிய வழக்கம் ஒன்றை நிறுவியுள்ளோம். விழா முடிந்த அன்றிரவே இரண்டு அட்டைகளும் இரண்டு வேறு மாணவர் கையிற் செல்லும். ஒருவர் பையிலேயே இரண்டும் செல்லா. மறுநாட் காலை ஒரு படி கல்லூரி அலுவலகத்து வன்தட்டுக்கும், ஒரு படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் இல்லத்தில் உள்ள வன்தட்டுக்கும், ஒரு படி இணையவழி கடல் கடந்த கிளைக்கும் செல்லும். மூன்றும் சேர்ந்தன என்று குறிப்பேட்டில் ஒப்பமிட்ட பின்னரே அட்டை வெறுமையாக்கப்படும். மூன்று படி வேண்டுமா என்று தனாதிகாரி கேட்கவில்லை. 1995 இல் அவரும் நடந்தவர்.

யூபிலி நாளன்று எடுத்த படங்கள் 1,412. இரண்டு அட்டையிலும் ஒன்றும் குறையவில்லை. அவற்றுள் முதியோர் வரிசைப் படத்தை இம்மலரில் நீங்கள் காணலாம்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலோ, வெளிநாடுகளிலுள்ள உறவினர் வீடுகளிலோ 1995 க்கு முற்பட்ட கல்லூரிப் படங்கள் இருந்தால் எமக்குத் தந்துதவுக. அன்றே மாணவர் படியெடுத்து, மூலத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தருவர். மற்றொன்று. பண்டிதர் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்திய அன்று மண்டபத்திற் கைத்தொலைபேசிகள் பல உயர்ந்ததைக் கண்டோம். கேட்டபோது, எடுத்தோம், தொலைபேசியை மாற்றிவிட்டோம் என்றனர் சிலர். அன்று வந்திருந்தோர் தத்தம் பழைய தொலைபேசியை, அது உடைந்து கிடப்பினும், ஒருமுறை தேடிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். மங்கலாக இருந்தாலும், பக்கவாட்டில் இருந்தாலும், முன்னிருக்கையில் இருந்தவரின் தோள் மறைத்திருந்தாலும் பெற்றுக்கொள்வோம்.